ஷர்ஷெனின் பங்கு

கோடரியை ஷர்ஷென் தொடுவதில்லை. வெந்த ஆட்டுத் தொடையில் கட்டைவிரலை ஓட்டி, மூட்டு எங்கே நெகிழ்கிறதென்று பார்த்து, அங்கே கத்திமுனையை நுழைப்பார். எலும்பு சிதறாமல் கழன்று வரும். "உடைச்சுப் போட்டா அது பங்கு இல்ல, நாய்க்குப் போடுறது" என்பார்.

கொச்கோர் மலைப்பக்கத்து விருந்துகளில், தட்டில் விழும் எலும்பை வைத்துத்தான் ஒருவருக்கு உறவில் என்ன இடம் என்று தெரியும். தலை, குலத்தில் மூத்தவருக்கு. இடுப்பெலும்பு அவருக்கு அடுத்தவர்களுக்கு. மாறி வைத்தால் உறவு முறியும். ஒருமுறை முறித்தவரே ஷர்ஷென்தான். தங்கை கல்யாணத்தில் தமக்கு வரவேண்டிய இடுப்பெலும்பு, தம்மைவிட இளையவனான பெரியப்பா மகன் மம்பெத்துக்குப் போனதைக் கண்டு, தட்டைத் தள்ளிவிட்டுப் பனியில் குதிரையேறிப் போனார். இரண்டு குளிர்காலம் பேச்சில்லை.

இயேசுவை, அவர்கள் பேச்சில் ஈசாவை, நம்பத் தொடங்கியபின் அவருக்கு எந்த எலும்பும் வருவதில்லை. குலத்தை விட்டவன் என்று பந்தியில் உட்காரவைப்பதில்லை; கறி பிரிக்க மட்டும் கூப்பிடுகிறார்கள். வருகிறார். பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுப்போரம் ஒரு கிண்ணம் சாறு குடித்துப் போகிறார்.

மனைவி பாத்மாவுக்குத்தான் பொறுக்காது. "வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"முன்னாடி இருந்துச்சு பாத்மா. தட்டுல என்ன விழுமோன்னு பசியோட பாத்துக்கிட்டே இருப்பேன். இப்ப வீட்டுலயே வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போற பிள்ளை மாதிரி போறேன்."

இந்த இலையுதிர்காலத்தில் அவருடைய அண்ணன் இறந்த ஓராண்டு நிறைவு விருந்து. ஷர்ஷென் பிரித்து முடித்ததும், குலத்தில் மூத்தவரான சித்தப்பா ஜுமாஷ் தம் பக்கத்தில் காலியாய்க் கிடந்த மெத்தையின் முன் இடுப்பெலும்பை வைத்தார்.

"இது உன் இடம்டா. அந்த ஈசாவை விட்டுட்டேன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லு, உக்காரு. நம்ம இடுகாட்டு மேட்டுல உங்க அண்ணன் பக்கத்துலயே உனக்கும் குழி உண்டு. இல்லேன்னா உன்னை எங்கடா கொண்டு போய்ப் புதைக்கிறது?" கிழவர் மிரட்டவில்லை, கெஞ்சினார்.

மம்பெத் சிரித்தான். "அந்த ஈசாகிட்டயே கேளுண்ணே, ஆறடி நிலம் வெச்சிருக்காரான்னு."

ஷர்ஷென் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த கத்தியை மறுபடியும் துடைத்தார். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் அந்த மேட்டில்தான் இருக்கிறார்கள்.

"ஆசையாத்தான் இருக்கு சித்தப்பா, இல்லேங்கல. ஆனா தட்டைத் தள்ளிட்டுப் போனேனே, அப்பவே என்னைப் பிள்ளைன்னு நினைச்சவர் அவரு. அவரை எப்படி விட? நீங்க எங்க போட்டாலும், நான் கிடக்குற இடம் அவருக்குத் தெரியும்."

ஜுமாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வயதில் அடுத்தவன் மம்பெத். ஷர்ஷென் அந்த இடுப்பெலும்பை இரண்டு கைகளாலும் எடுத்து அவன் முன்னால் வைத்தார். வைத்தபின் குனிந்து ஒருமுறை பார்த்தார். கொழுத்த பக்கம் அவனைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்போரம் போய்த் தம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.