காப்புக் கட்டிய பாடப்புத்தகம்

உள்ளறையில் மணி அடித்தது. கணகணவென்று, நிற்காமல். முன்னறையில் துணிப்பையைக் கவிழ்த்துப்போட்டுப் புத்தகம் தேடிக்கொண்டிருந்த அன்பரசியின் கைகள் அப்படியே நின்றன. மணிக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை வந்தது. புகைக்குப் பின்னால் மாமியார் மங்கம்மாளின் குரல் வந்தது.

"எரிசக்தித் தாயே, இந்த வூட்ட நீதான் காப்பாத்தணும்!"

அன்பரசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே அவள் கண்ட காட்சி பரீட்சைக்கு முந்தின நாள் எந்த மாணவிக்கும் வரக்கூடாது. சாமி மாடத்தில், முருகனுக்கும் காளியம்மனுக்கும் நடுவில், அவளுடைய பாடப்புத்தகம் நின்றுகொண்டிருந்தது. அட்டை முழுக்க மஞ்சளும் குங்குமமும். குறுக்கே மஞ்சள் கயிறு கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. 'எரிசக்திப் பொறியியல்' என்ற தலைப்பில், 'பொறியியல்' மட்டும் சாமந்திப் பூவுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

"அத்த! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? நாளைக்கு எனக்கு எக்ஸாம்!"

"காப்புக் கட்டிட்டேன்டி. எட்டு நாளு. இந்த வூட்டுல இனிமே யாரும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது."

கதவோரம் நின்ற கணவன் சின்னதம்பி, "அதுவும் சரிதான்" என்றான். கல்யாணத்தன்று தாலியைக் கையில் கொடுத்தபோதும் அவன் அதைத்தான் சொன்னான்.

ஜவ்வாது மலையில் பிறந்து, மலையிலேயே வாழ்க்கைப்பட்டு, பள்ளி விடுதியில் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண் அன்பரசி. நாற்பது வயதுக்கு மேல் அவள் கல்லூரிக்குப் போனதற்குக் காரணம் ஒரு விளக்கு. ஊருக்கு நடுவில் சூரிய விளக்கு நட்டார்கள். நட்டவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் எரிந்த விளக்கு அதற்கப்புறம் எரியவே இல்லை. விளக்குக்காக மனு எழுதிக்கொண்டு ஜமுனாமரத்தூர் அலுவலகத்துக்குப் போன அன்பரசியிடம், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "ஏன் எரியலன்னு கேக்கறதுக்கு நீ இன்னா இன்ஜினியராம்மா?"

ஐயோ, அந்தக் கேள்வி! அவள் பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே நடந்தாள். பேருந்து வரத் தாமதமாகவே, அங்கேயும் அழுதாள். அழுது முடித்தபோது முடிவெடுத்திருந்தாள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று வார இறுதியில் நடக்கும் டிப்ளமோ வகுப்பு. முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் இளவட்டங்கள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பாடம் நடத்த வந்திருந்த நவீன்குமாரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பையன் பேரு இன்னாங்கம்மா? ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானா?" என்று பதறினார்.

"நான்தாங்க அந்தப் பையன்" என்றாள் அன்பரசி.

வீட்டில் இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. "மருமவன் எடுக்கற வயசுல பைய மாட்டிக்கினு போறா" என்று மங்கம்மாள் தண்ணீர்க் குழாயடியில் ஊர் அறியப் புலம்பினாள். எக்ஸாம், லேப், ஹால் டிக்கெட் என்று மருமகள் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் விளக்கு எரிந்தது. அன்பரசி ஏணி வைத்து ஏறி, தகட்டின் மேல் அப்பியிருந்த காக்கை எச்சத்தைத் துடைத்தாள். அவ்வளவுதான். அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கு பளிச்சென்று எரிய, ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நான் துடைச்சேன் அத்த. அதான் எரியுது."

"துடைக்க வச்சது யாரு?" என்றாள் மங்கம்மாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மருமகளின் புத்தக அட்டையில் 'எரிசக்தி' என்று கண்டாள். அதன் கீழே காற்றாலை ஒன்று மூன்று கைகளை விரித்து நின்றது. மங்கம்மாளுக்கு அது சூலம். பின்னால் இருந்த சூரியன், பிரபை. ஓரத்தில் ஒரு தீச்சுடர் வேறு. இனி என்ன சாட்சி வேண்டும்? மலையில் புதிதாக ஒரு தெய்வம் வந்துவிட்டது. மருமகள் அதற்குத்தான் வாராவாரம் கீழே போய் ஊழியம் செய்கிறாள். அன்பரசி மறுத்துப் பேசியதெல்லாம் அடக்கத்தில் சேர்ந்தது.

இதுவரை அதனால் நட்டமில்லை. இப்போதுதான் இடி விழுந்தது. வெப்ப இயக்கவியலில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். நாளை எழுதாவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். புத்தகமோ காப்புக்குள். அவளோ எல்லைக்குள்.

"அத்த, கயித்த அவுத்துடுங்க. உங்க கால்ல வுழறேன்."

"எட்டாம் நாளு அவுக்கலாம்."

"எட்டாம் நாளு என் படிப்பே போயிடும் அத்த!"

"படிப்பு போனா வரும். சாமி போனா வருமா?"

"அதுவும் சரிதான்" என்றான் சின்னதம்பி.

அன்பரசி சுவரில் சாய்ந்து சரிந்தாள். கண்ணீர் அருவியாகக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது.

"தாயி! வூட்டுல அம்மன் இருக்குங்களா?"

ஜமுனாமரத்தூரில் சாமை அரைக்கும் மில் வைத்திருக்கும் ஆதிநாராயணன், தேங்காய் பழத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தெருவில் அவருடைய மினி வேன்.

"மோட்டார் மறுபடியும் எரிஞ்சிபோச்சி தாயி. செப்புக் கம்பிக் காயில் கட்டிக் கட்டி அலுத்துட்டேன். எரியறது எல்லாம் எரிசக்தி ஆத்தா கணக்குதான்னு சொன்னாங்க. நான் இன்னா குத்தம் பண்ணேன்னு கேட்டுச் சொல்லும்மா."

"அண்ணே, அது சாமி இல்ல. என் பாடப்புத்தகம்."

"சோதிக்காத தாயி" என்று அவர் கண்கலங்கினார்.

"சத்தியமாண்ணே. உங்க மோட்டார் ஏன் எரியுதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அது அடுத்த செமஸ்டர்லதான் வருது. நாளைக்கு ஹால்ல எக்ஸாம் எழுதி பாஸானாதான்..."

அவர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. மங்கம்மாள் மண்டையிலும் ஏறவில்லை. அன்பரசி அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சங்கதியைச் சுத்தமான தமிழில் சொன்னாள்.

"கீழ ஒரு மண்டபம் இருக்குண்ணே. நாளைக்குக் காலைல அங்க என்னை உக்கார வச்சிக் கேள்வி கேப்பாங்க. பதில் சரியா இருந்தாதான் அடுத்த படி. அந்தப் படியில ஏறினாதான் உங்க மோட்டாருக்கு விடை."

ஆதிநாராயணனின் கை தானாகக் குவிந்தது. "மண்டபத்துக்குள்ள எல்லாரும் போவ முடியுமா தாயி?"

"சீட்டு இருக்கறவங்க மட்டும்தான். பேசக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது."

"அப்பா! எம்மாம் கட்டுப்பாடு!"

மங்கம்மாள் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். "இத்தினி நாளு இதையெல்லாம் ஏன்டி சொல்லல?"

"தினமும் சொன்னேன் அத்த. இங்கிலீஷ்ல சொன்னேன்."

"காப்புக் கட்டிட்டேனே! எல்லைய எப்பிடித் தாண்டுவ?"

இதற்குப் பதில் ஆதிநாராயணனிடம் இருந்தது. மோட்டார் எரிந்த மனிதருக்குச் சாத்திரம் தானாக வரும்.

"இன்னாம்மா பேசறீங்க? சாமியே பொறப்பட்டுப் போனா, எல்லையும் கூடவே நவுந்து போவும். நம்ம வண்டியிலயே ஜோடிச்சிக் கூட்டிக்கினு போறேன். விடியறப்ப வாசல்ல நிக்கும்."

"அதுவும் சரிதான்" என்றான் சின்னதம்பி. அவன் வாழ்நாளில் முதல்முறையாக அது சரியான இடத்தில் விழுந்தது.

மங்கம்மாள் மாடத்துக்குக் கற்பூரம் காட்டி, கயிற்றைப் பக்கவாட்டில் தள்ளி, புத்தகத்தை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். "முடிச்ச அவுக்கல. தளர்த்தித்தான் வுட்டிருக்கேன். கேள்வியெல்லாம் இதுலருந்துதான கேப்பாங்க?"

"இதுலருந்து கேட்டா புண்ணியம் அத்த."

ஆதிநாராயணன் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாதென்று பின்னோக்கியே நடந்தவர், வாசற்படி தடுக்கி, நிலையைப் பிடித்துச் சமாளித்தார்.

"தாயி, எவ்ளோ மார்க் வந்தா மோட்டார் ஓடும்?"

"பாஸ் ஆனா போதும்ணே."

வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. அன்பரசி குங்குமம் உதிரப் பக்கத்தைப் புரட்டினாள்.

"டேய் சின்னதம்பி, இனிமே எவன் வந்தாலும் சாமி படிச்சிக்கினு கீதுன்னு சொல்லி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு, மங்கம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.