குதிரை தூங்கிய பக்கம்

இடது கையில் குடை, வலது கையில் தண்ணீர்ப் பாட்டில். இரண்டையும் கீழே வைக்காமல் அலமாரிக் கதவைத் திறக்க முடிகிறதா என்று பார்க்கிறார் புரூஃப் அக்கா. முழங்கையால் தள்ளுகிறார், முகவாயை வைத்து இழுக்கிறார். கதவு அசையவில்லை. நாற்காலிக்குத் திரும்பி, அறுபத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுகிறார்: 'ஒரு கையில் வாள், மறு கையில் விளக்கு. கதவை எந்தக் கையால் திறந்தாள்?'

சிறுமிகளுக்கான மாயாஜாலக் கதைகள் போடும் அந்தப் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழை திருத்துகிறார். எழுத்துப் பிழையை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். நாயகியின் கைகளை எண்ணுகிறவர் அக்கா ஒருவர்தான். அவள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள், காயம் எந்தக் காலில், எல்லாம் ஒரு பழைய டைரியில் குறிப்பாக இருக்கும். டிராகனையும் பறக்கும் கோட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். மழையில் நனைந்த செருப்பு அடுத்த பக்கத்தில் காய்ந்திருந்தால் மட்டும் விடமாட்டார். நாயகிக்கு எத்தனை பட்டம் இருந்தாலும் அக்காவுக்கு அவள் 'நம்ம பொண்ணு'. "நம்ம பொண்ணுக்கு ரெண்டு கைதான். மூணாவது கை இருந்தா எனக்குக் கடன் குடுக்கச் சொல்லுங்க" என்பார், சிரிக்காமல்.

அவர் சிரித்து நாளாகிறது. கணவர் படுத்த படுக்கையாகி நான்கு வருடம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். இரவு முழுக்க அக்காவின் பங்கு. அலுப்பாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், "பழகிப்போச்சு" என்பதோடு சரி. பழகவில்லை என்பது அவர் நாற்காலியில் உட்காரும்போதே தெரியும். மூட்டையை இறக்கி வைப்பதுபோல் தன்னை இறக்கி வைப்பார்.

போன வாரம் வந்த வாசகர் கடிதங்களில் ஒன்று பதினொரு வயதுச் சிறுமி எழுதியது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். நாயகியைப்போலத் தானும் கண் மூடாமல் காவல் இருந்தாளாம். மூன்றாம் நாள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். கடைசி வரி: 'எனக்கு வீராங்கனை ஆகத் தகுதி இல்லையா?'

அக்கா டைரியைப் புரட்டினார். வந்துவிட்ட ஐந்து பாகங்களிலும், வரப்போகும் ஆறாம் பாகத்திலும் நம்ம பொண்ணு ஒருமுறைகூடத் தூங்கவில்லை. கையையும் காலையும் எண்ணிக்கொண்டிருந்தவர் இதை எண்ணத் தவறிவிட்டார்.

இன்று அந்த ஆறாம் பாகம், கடைசிப் பாகம், அச்சுக்குப் போக வேண்டும். கதவுச் சிக்கல் தீர்ந்துவிட்டது; நாயகி இப்போது உதைத்துத் திறக்கிறாள். ஆனாலும் அக்கா கையெழுத்துப் போடவில்லை; நம்ம பொண்ணு ஒரு இரவாவது தூங்க வேண்டும் என்றார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கமும் கடைசி வரிவரை நிறைந்திருக்கிறது, பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும் என்பதால் ஒரு வரி கூடினாலும் இன்னும் பதினாறு பக்கம் சேர்த்து அச்சடிக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பசங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா."

அக்கா சிறுமியின் கடிதத்தை அவர் முன் நகர்த்தினார். படித்துவிட்டுப் பதிப்பாசிரியரே எழுத்தாளருக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தார்.

எழுத்தாளர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. நல்ல மனிதர்தான், தன் வாக்கியத்தில் யாராவது கைவைத்தால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "கோட்டையே முற்றுகையில இருக்கும்மா. அவ எப்படித் தூங்குவா?"

"குதிரை தூங்குது சார். நாப்பதாம் பக்கத்துல ஒரு தடவை, எழுபத்தெட்டுல ஒரு தடவை."

மறுமுனையில் எழுத்தாளர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, டிராகனின் வாலை வர்ணித்த இடத்தில் ஒரு வரியை வெட்டிவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக வேறொரு வரியையும் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டார்: 'அன்று அவள் விடியும்வரை தூங்கினாள்.'

ஃபோனை வைத்த பிறகும் பேனாவை மூடவில்லை. அந்த வரியில் இன்னும் இரண்டு சொல்லுக்கு இடமிருந்தது. இத்தனை வருடத்தில் அடுத்தவர் கதையில் ஒரு சொல்லைக்கூட அவர் சொந்தமாகச் சேர்த்ததில்லை. பதிப்பாசிரியர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, 'யாரும் எழுப்பவில்லை' என்று எழுதி, அதன் கீழேயே கையெழுத்தைப் போட்டார்.