பக்கத்துக் கட்டிலின் அறுபது மில்லி

செல்லக்கனிக்கு யாருடைய நகை மீதும் பொறாமை வந்ததில்லை. சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவள். ஒரகடத்தில் கார் வயர் கட்டும் கம்பெனியில் ஆறு வருட வேலை, மண்ணூரில் ஒற்றை அறை. அவளுடைய முதல் பொறாமை, பக்கத்துக் கட்டில் குழந்தையின் சிறுநீர் மீது வந்தது.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்த இரண்டு கட்டில்களிலும் டெங்கு. ஒன்றில் அவளுடைய இரண்டரை வயது கனிஷ்கா. மற்றதில் உள்ளூர்க்காரி ரஞ்சனியின் மகன் சுபாஷ். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, டிரிப் குறைந்தால் ரத்த அழுத்தம் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அளவு சரியா என்பதற்குச் சிறுநீர்தான் சாட்சி. நான்கு மணி நேரத்துக்கொரு முறை நர்ஸ் கவிப்பிரியா டயப்பரை எடை போட்டுக் குறித்துக்கொள்வாள்.

கனிஷ்காவுக்குப் பதினைந்து மில்லி. சுபாஷுக்கு அறுபது.

"அறுபதாம்க்கா! எம்புள்ள மூத்திரத்துக்கு ஸ்வீட் குடுக்கலாம் போல கீது," என்று ரஞ்சனி சிரித்தாள். "உம்பொண்ணுக்கு இன்னா?"

"வருது," என்றாள் செல்லக்கனி. அவனுக்கும் குறையட்டுமே என்றுகூட நினைத்துவிட்டாள்.

கம்பெனியில் லைனின் அன்றைய எண்ணிக்கை குறைந்தால், அடுத்த ஷிஃப்ட் பெட்டியிலிருந்து நாலு வயர்க்கட்டு எடுத்துப் போட்டு ஒப்பேற்றுவார்கள். கை அதற்குப் பழகியிருந்தது. மதியம் நர்ஸ் வருமுன் பாட்டில் தண்ணீரை டயப்பரில் ஊற்றினாள்.

"அம்பத்தஞ்சு! நல்லா போயிருக்காம்மா," என்றாள் கவிப்பிரியா. ரஞ்சனியை நிமிர்ந்து பார்த்தாள் செல்லக்கனி. இரண்டு நாளில் முதல் தடவையாக நெஞ்சு நிறைந்தது.

கவிப்பிரியா டாக்டருக்கு போன் செய்து எண்ணைச் சொன்னாள். "சரி சார், யூரின் நல்லா போறதால டிரிப்பைக் கொறைச்சிடறேன்." கை பம்பின் பொத்தானுக்குப் போனது.

அந்தக் கையைச் செல்லக்கனி பிடித்துக்கொண்டாள். "கொறைக்காதிய சிஸ்டர். தண்ணி நான் ஊத்துனது. எம்புள்ள ஒண்ணுமே போவல."

"இன்னாக்கா இது, பரீட்சையா, காப்பியடிக்க?" என்றாள் ரஞ்சனி, எல்லோர் காதிலும் விழும்படி.

கவிப்பிரியா திட்டவில்லை. குறித்திருந்த ஐம்பத்தைந்தை அடித்துவிட்டு மறுபடி போன் செய்தாள். டாக்டர் ஓடிவந்து கனிஷ்காவின் பாதத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. டிரிப்பைக் கூட்டினார்.

மறுநாள் காலை கனிஷ்காவுக்கு நாற்பது, சொந்தமாக. அதே நேரம் சுபாஷைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். "வர்றேன்க்கா," என்று ரஞ்சனி கையசைத்தாள். செல்லக்கனியும் அசைத்தாள். பொறாமை போகவில்லை. கட்டில் காலியானது மட்டும் நிம்மதியாக இருந்தது.