ஆத்துமாக்காரி சுதி இறக்கியபோது

எங்கள் வீட்டில் அந்தப் பாடகிக்கு ஆத்துமாக்காரி என்று பெயர். இங்கிலாந்துக்காரி, எழுபதைத் தாண்டியவள், உலகம் முழுக்க வேறு பெயரால் தெரிந்தவள். இருக்கட்டும். எங்களுக்கு ஆத்துமாக்காரிதான்.

அந்தப் பெயர் என் அசட்டுத்தனத்தால் வந்தது. கல்யாணமான புதிதில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதைக் கடையில் பழைய கேசட் ஒன்று வாங்கினேன். அட்டையில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண் கண்ணை மூடி, ஒரு கையை மேலே தூக்கி நின்றாள். தலைக்கு மேல் ‘ஸோல்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஸோல் என்றால் ஆத்துமா. கோயில் கொயரில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஞானப்பாட்டு என்று நினைத்து வாங்கி வந்து, அந்த வாரம் எங்கள் தாராவி வீட்டில் நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தில் போட்டுவிட்டேன்.

ஒரே அறைதான். இடித்துப் பிடித்துக்கொண்டு, முக்காடு போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். மற்றவர்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. எனக்கு ஓடும். மூன்றாவது வரியிலேயே, அவள் கூப்பிடுவது ஆண்டவரை இல்லை, ஓடிப்போன காதலனை என்று விளங்கிவிட்டது. நிறுத்தினால் மானம் போகும். நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டுச் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்பிடி உருகுதா பாரு. யாரு பெத்த பிள்ளையோ” என்றாள். “ஸ்தோத்திரம்” என்றேன்.

அந்தக் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டேன். பிறகு சிடி. பிறகு மகள் போனில் போட்டுத் தந்தவை. நான் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனால் அவளிடம் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியும். தாளம் விழும் இடத்தில் அவள் வரமாட்டாள். வராமலே போய்விடுவாளோ என்று நமக்குப் பதைக்கும்போது, சாவகாசமாக வந்து வார்த்தையை வைப்பாள். உச்சத்தில் கத்தமாட்டாள். ஸ்டூடியோவில் பாடியவற்றைவிட மேடையில் பாடிப் பதிவானவைதான் எனக்கு உசத்தி. ஒன்றில் பாட்டின் நடுவே யாரோ பெரிதாகத் தும்முகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுக்கிறாள், அந்தச் சிரிப்பும் சுதியில் நிற்கிறது. அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திருப்பிப் போட்டிருப்பேனோ.

அவளிடம் திருடியதை வைத்துத்தான் கோயிலில் பேர் வாங்கினேன். அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் தனிப்பாட்டு என்னுடையது. பாண்டுப்பிலிருந்தும் தாணேயிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். ஐந்து கட்டைச் சுதியில் மேலே போய் நிற்பேன், கைக்குழந்தைகூட அழாது. தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஐம்பதைத் தாண்டியதும் குரல் இறங்கிவிட்டது. சளிக் கரகரப்பு என்று நினைத்து மிளகும் பனங்கற்கண்டுமாகத் தின்று பார்த்தேன். போகவில்லை. நான் வேலை பார்க்கும் மாட்டுங்கா கண் கிளினிக்கில் போனை எடுத்தால், “பாய்சாப், டாக்டர் ஹை க்யா?” என்று, ஆம்பளை என்று நினைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். கொயர் மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், தங்கமான மனுஷர். அவர்தான் ஒரு வழி சொன்னார்.

“அக்கா, கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா ரெண்டு கட்ட எறங்கிரும். யாருக்குந் தெரியாது.”

“எனக்குத் தெரியும்லா? சுதிய எறக்கிப் பாடுததுக்கு வாய மூடிட்டு இருக்கலாம்.”

எங்கள் பக்கத்தில், சவடால் அடித்தவன் அடங்கிப்போனால் ‘சுதி எறங்கிட்டு’ என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வரக்கூடாது. இரண்டு பண்டிகைகள் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.  இந்த வருஷம் அவர் கடைசியாகக் கேட்டார்: “பாடலேன்னா சொல்லிருங்கக்கா, வேற ஆளுக்குக் குடுத்திருதேன்.” ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொன்னேன். இல்லை என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஆத்துமாக்காரி பம்பாய்க்கு வந்தாள். மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். மீட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மைதானம், தாராவியில் நான் பிறந்த வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வெயில் தாழ்ந்த நேரத்தில், ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவள் மேடைப் படி ஏறினாள். மைக்கைப் பிடித்ததும் அந்தக் கையை விட்டுவிட்டாள். மூன்றாவதாக அந்தக் கேசட் பாட்டு வந்தது. வாத்தியம் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இறக்கியிருக்கிறாள். மூன்று கட்டை இருக்கும். திருட்டில் நானே பிடிபட்டதுபோல் என் முகம் சூடானது.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாடிக்காரன், “ஸ்கேல் நீச்சே கர் தியா யார்” என்று நண்பனிடம் சிரித்தான். சுதியை இறக்கிவிட்டாளாம். எனக்கு வந்ததே கோபம். திரும்பி, “தூ காகே திகா!” என்று கத்தினேன். நீ பாடிக் காட்டு பார்ப்போம் என்று. என் ஆம்பளைக் குரலுக்கு அவன் ஒரு அடி பின்னால் போனான்.

மகள் என் காதருகே குனிந்து, “ம்மா, நீயும் ரெண்டு வருஷமா அதத்தான சொல்லுத?” என்றாள்.

நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாட்டைக் கேட்டேன். கேசட்டில் காதலன் ஓடிப்போன அன்றைக்குப் பாடியவள், இப்போது அவன் செத்த செய்தி வந்து பாடுவதுபோல் இருந்தது. மேல் சுரங்கள் இருந்த இடத்தில் அடிவயிற்றுக் குரல் இருந்தது. பிந்தி வருவது மட்டும் அப்படியே இருந்தது. கூட்டம் முழுக்கக் கைதட்டியபோது அவள் கும்பிடவில்லை, குழையவில்லை, இடுப்பில் கைவைத்து நின்று வாங்கிக்கொண்டாள். என் கூடப்பிறந்தவளே அங்கே நிற்பதுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுதேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டரிடம் போனேன். “ரெண்டு பத்தாது தம்பி. மூணு கட்ட எறக்குங்க” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நோட்டில் குறித்துக்கொண்டார். தங்கமான மனுஷர் என்று சொன்னேன் இல்லையா.

பண்டிகையன்று பீடத்தைச் சுற்றிக் கரும்பும் பூசணியும் வாழைத்தாருமாக இருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். கீபோர்டு தொடங்கியது, தாளம் விழுந்தது, நான் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் பதறிப்போய்க் கழுத்தை நீட்டினார். அப்புறம் வந்தேன். மூன்று கட்டை கீழே என் குரல் என்னவாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் நானே முழுசாகக் கேட்டேன். நன்றாக இருந்தது. நானே சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது.

வெளியே சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது ஒரு கை என் கையைப் பிடித்தது. அந்தப் பக்கத்து வீட்டுச் சித்தி. பாண்டுப்பில் மகன் வீட்டில் இருக்கிறாள். கண் அவ்வளவாகத் தெரியாது, காது மட்டும் கூர்மை.

“ஏ பிள்ள, அன்னைக்கு ஒன் வீட்டுல கேசட்டுல பாடுனது நீதானாட்டி? அதே கொரலுல்லா!”

கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஆண்டவர் மன்னிப்பார்.

“ஆமா சித்தி, நாந்தான்” என்றேன்.