பாலத்துக்கு அப்பால் மூன்று வீடுகள்

1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வெளியே தூறல், குடை பிடிக்க வெட்கமாகவும் பிடிக்காமல் போகப் பயமாகவும் இருக்கிற வகைத் தூறல். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக அண்ணையின் கடிதம் விழுந்தது. மேலே வலது மூலையில், வழக்கம்போல் வட்டமிட்டு, 17 என்று கடித இலக்கம் எழுதியிருந்தார். குசினி மேசையில் வைத்து வாசித்தேன். இரண்டாவது பத்தியில், "எங்கள் ஊரில் பதினாலு வீடுகள்" என்றிருந்தது. அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

அதற்கு முந்தைய கடிதங்களில் பதினொரு வீடுகள்தான் இருந்தன.

அண்ணை யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் விதானையாக, ஊர்ப் பதிவுகள் பார்க்கும் கிராம அலுவலராக, இருந்தவர். தன் பிரிவிலிருந்த வீடுகள், கிணறுகள், ஆட்கள் எல்லாம் அவருடைய கொப்பியில் பதிந்திருக்கும். அண்ணி இறந்தபின், அறுபத்தேழாவது வயதில், லண்டனுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் ஜெர்மனியோடு விட்டுவிட்டான். அங்குள்ள அதிகாரிகள் அகதி வழக்கொன்றைப் பதிந்து, அவரை மலையும் காடும் சூழ்ந்த ஒரு சிற்றூருக்கு அனுப்பி, மூடிக் கிடந்த பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. கட்டிடத்தில் வேறு மூவர் இருந்தார்கள். மூன்று பேரும் மூன்று நாட்டவர். அண்ணைக்குப் பேச்சுத் துணையென்று இருந்தது பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்திதான். ஊரின் கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் திறப்பு, அதாவது சாவி, அவளிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குச் சமைத்தவள் என்பதால் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்.

வேலை செய்ய அனுமதியில்லாத அண்ணை, இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவற்றில் தன்னைப் பற்றி எதுவும் இராது. ஊரைப் பற்றித்தான் இருக்கும். வடக்கே காடு, தெற்கே சரிவு, சரிவின் அடியில் ஓர் ஓடை. வெயில் கிடைக்கட்டும் என்று எல்லா வீடுகளும் தெற்கைப் பார்த்து நிற்கின்றன. கதவுக்கு மேலுள்ள மரத்தில் வீடு கட்டிய வருடம் செதுக்கியிருக்கிறது. பதினொரு வருடங்களையும் வரிசையாக எழுதியிருந்தார். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு யுத்தத்தில் ஊர் முழுக்க எரிந்ததாம். காட்டுக்குள் ஓடிப்போனவர்களில் இரண்டு குடும்பங்கள் மட்டும் திரும்பி வந்ததாம். இதைக் கிழவி சொன்னாளென்று எழுதி, கீழே கோடிட்டிருந்தார்.

இவற்றையெல்லாம் வைத்து நான் ஒரு படம் வரைந்தேன். சுவருக்கு ஒட்டி மிஞ்சிய பூப்போட்ட கடதாசியின் வெள்ளைப் பின்பக்கத்தில், அண்ணை நடந்து எண்ணி எழுதிய காலடியில் ஓர் எட்டுக்கு இரண்டரை அடி என்று கணக்கு வைத்து, வீடு வீடாகக் குறித்தேன். "அண்ணையைக் கூப்பிட வழி பாக்கிறதை விட்டிட்டு ஊர்ப்படம் கீறுறியள்" என்று மனைவி ஏசினாள். கூப்பிட வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அப்படியிருக்க, பதினேழாம் கடிதத்தில் திடீரென்று பதினான்கு வீடுகள். அதோடு ஒரு மாவு மில். "நேற்று மில்லடி வீட்டில் தேத்தண்ணி குடிச்சனான்" என்று வேறு எழுதியிருந்தார். தான் இருக்கும் இடத்திலிருந்து மில் இருநூற்றுப் பத்து எட்டுத்தானாம். இருநூற்றுப் பத்து எட்டில் இருக்கும் மில் எட்டு மாதக் கடிதங்களில் எங்கே போயிருந்தது? போதாக்குறைக்கு, இதற்கு முன்பு எனக்கு வந்தது பதினைந்தாம் கடிதம். பதினைந்துக்கு அடுத்தது பதினேழு என்று எழுதுகிறார். என் அண்ணை எண்ண மறந்துவிட்டார்! தனிமையில் புத்தி பேதலித்து, இல்லாத வீட்டில் இல்லாத மனிதர்களோடு தேநீர் குடிக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அப்படி ஆனவர்களைப் பற்றி ஆர்ச்வே முருகன் கோயிலில் இரண்டு பேர் சொல்லிக் கேட்டிருந்தேன்.

மனைவிக்குச் சொல்லவில்லை. வீட்டு டெலிபோனில் பேசினால் அவளுக்குக் கேட்கும். பழைய பிஸ்கற் தகரத்திலிருந்து சில்லறையை அள்ளிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த டெலிபோன் பெட்டிக்குப் போனேன். அவசரத்துக்கென்று அண்ணை கிழவியின் நம்பரைத் தந்திருந்தார். கிழவிதான் எடுத்தாள். நான் பெயரைச் சொன்னதும் ஏதோ கூவிக்கொண்டு ஓடினாள். அண்ணை வரும்வரை டெலிபோன் காசைத் தின்றுகொண்டேயிருந்தது.

"எட தம்பி, என்னடா? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லையண்ணை. எல்லாரும் சுகம். அண்ணை, உங்கை எத்தினை வீடு?"

"பதினாலு. ஏன், வாங்கப் போறியோ?"

"முந்திப் பதினொண்டெண்டெல்லோ எழுதினனீங்கள்?"

"அது முந்தி."

"ரண்டு கிழமைக்குள்ளை மூண்டு வீடும் ஒரு மில்லும் கட்டிப்போட்டாங்களோ?"

அண்ணை திருப்பிக் கேட்டார்: "பதினாறாம் கடிதம் வரேல்லையோ?"

"இல்லை."

"அதை இடையிலை போட்டனான், அதிலையெல்லோ எல்லாம் விளக்கமா எழுதினனான்! கேஸ் வெண்டிட்டுதடா தம்பி. இனி நான் எங்கையும் போகலாம்."

அண்ணை சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஊருக்கு நடுவே ஓடுகிற அந்த ஓடைதான் மாவட்ட எல்லை. ஏதோ ஒரு காலத்தில் இரண்டு பிரபுக்கள் போட்ட எல்லையாம். வழக்கு முடியாத அகதி, மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பாலத்தின் நீளம் ஒன்பது எட்டு. எட்டு மாதமாக அண்ணை இந்தக் கரையிலேயே நின்றிருக்கிறார்.

"தாண்டக் கூடாதெண்டாலும் கண்ணுக்குத் தெரியுதெல்லோ அண்ணை? எழுதியிருக்கலாமே?"

"கால் வைக்க ஏலாத இடத்தை என்னெண்டு எண்ணுறது? மற்ற விதானையின்ரை பிரிவிலை இருக்கிற வீட்டை நான் ஒருநாளும் என்ரை கொப்பியிலை ஏத்தினதில்லை."

"எண்டாலும்..."

"சூரியனும்தான் தெரியுது. அதையும் என்ரை பிரிவிலை போடட்டோ?"

நான் சிரித்தேன். பெட்டிக்கு வெளியே காத்து நின்ற பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுதேனோ என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. கண்ணாடி மங்கலாயிருந்தது நினைவிருக்கிறது. "மில்லடி ஆக்கள் எட்டு மாசமா அங்காலை நிண்டு வாவெண்டு கை காட்டினவை. போன கிழமைதான் போனனான். கேக்கும் சுட்டு வைச்சிருந்தவை" என்று அண்ணை சொல்லிக்கொண்டிருக்கும்போதே காசு முடிந்து லைன் அறுந்தது.

பதினாறாம் கடிதம் மூன்று நாள் கழித்து, மூலை நசிந்து வந்தது. என் படத்திலும் ஓடைக்கு அப்பால் வெறும் வெள்ளைதான் என்பதை அன்றுதான் கவனித்தேன். படம் எங்கே முடிகிறது என்று நான் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. மூன்று வருடங்களின் பின் ஓகஸ்ட் மாதத்தில் அண்ணை எங்களிடம் வந்தபோது, சேர்ட்டைக்கூட மாற்றாமல் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, என் பென்சிலை வாங்கி மூன்று வீடுகளையும் மில்லையும் தானே கீறினார். "பாலத்தைக் கொஞ்சம் ஒடுக்கிப்போட்டாய்" என்றார். எங்களோடு லண்டனில் இருக்கும்படி மனைவி எவ்வளவோ கேட்டாள். "அங்கை வேலை கிடக்கு பிள்ளை" என்று போய்விட்டார். கிழவி இறந்தபின் ஆலயத் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது. ஞாயிறு தோறும் திருநீற்றோடு போய்த் திறந்துவிடுகிறாராம்.

இது 1998. எனக்கு எழுபத்தொன்று, அண்ணைக்கு எழுபத்தாறு. போன கிழமை வந்த கடிதத்தின் மூலையில் 204 என்று வட்டமிட்டிருந்தது. மில்காரரின் மகள் கலியாணம் முடித்து, ஓடைக்கு அப்பால் புதிதாக அத்திவாரம் வெட்டுகிறாளாம். "கூரை ஏறினால் பதினைந்து" என்று எழுதியிருக்கிறார். இந்தத் தடவை நான் டெலிபோனை எடுக்கவில்லை. படத்தில் ஒரு சதுரத்தைக் கீறினேன். கூரை ஏறும்வரை அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அண்ணை சொல்வார். அதனால் பென்சிலால் மெல்லியதாக.

1989இன் அந்தச் செவ்வாய்க்கிழமைச் செலவையும் எழுதிவிடுகிறேன். டெலிபோனுக்கு நான்கு பவுண் அறுபது. சந்தோஷத்தில் குடையைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இருபது நிமிடத்தில் திரும்பிப் போனபோது அது இல்லை. புதுக் குடைக்கு மூன்று பவுண் தொண்ணூற்றொன்பது. மொத்தம் எட்டுப் பவுண் ஐம்பத்தொன்பது பென்ஸ்.