ஜெயம் டீச்சர் விசாரித்த புகார்

யார் நாற்காலியை இழுத்துப் போட்டாலும் ஜெயம் டீச்சர் உட்காரமாட்டார். "ஒக்காந்தா ஒடம்பு அசந்துடும். அப்புறம் யார் எது சொன்னாலும் நம்பிடுவேன்" என்பார். கைப்பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். மைதானத்துத் தாண்டுகுழி என்றில்லை, ஜாக்கெட் துணியையும் தானே ஒருமுறை அளந்துதான் வாங்குவார். அவரைக் கண்டால் உள்ளே போய்விடும் துணிக்கடைக்காரர்கள் திண்டிவனத்தில் இரண்டு பேர் உண்டு.

உடற்கல்வி ஆசிரியை. மாவட்டத் தடகளக் குழுவுக்கு வரும் புகார்களை விசாரிப்பதும் அவர்தான். இந்த ஆண்டுப் புகார், நீளம் தாண்டும் கலைப்பிரியாவைப் பற்றியது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலிருக்கும் வல்லத்துப் பெண். விழுப்புரத்துக் கல்லூரியில் ஓராண்டு படித்தவள் திண்டிவனத்துக்கு மாறிவிட்டாள். திண்டிவனத்தார் ஆசை காட்டி இழுத்தது உண்மையானால் அவளுக்கு ஓராண்டு தடை.

"ஷூ தரேன், டிராக் சூட் தரேன்னு இஸ்த்துக்கினு பூட்டாங்க" என்றார் விழுப்புரத்துப் பயிற்சியாளர் ஆனந்தராஜ்.

"இவரு திட்டிக்கினே இருந்தா பொண்ணு எப்பிடிங்க தங்கும்?" என்றார் திண்டிவனத்துப் பயிற்சியாளர் சித்தார்த்தன்.

"தெக்கால, விழுப்புரம் பக்கம் போவாதன்னு ஜோசியர் சொன்னாருங்க" என்றார் தாய்.

கலைப்பிரியா மூன்றுக்கும் தலையாட்டினாள்.

அவள் காலில் கிடந்தது பழைய ஷூதான். கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. ஆனந்தராஜ் எல்லாரையுமே திட்டுவார், அதற்காக இதுவரை ஒருவரும் ஓடவில்லை. ஜோசியரிடம் போனதோ டி.சி. வாங்கிய பிறகு. ஒரு பெண்ணின் ஓராண்டு தன் கையெழுத்தில் இருக்கிறது என்பது ஜெயத்தை உறுத்தியது. மறுநாள் வல்லத்துக்கே போய், அவள் தினமும் போன விழுப்புரம் முதல் பஸ்ஸில் ஏறினார். செஞ்சி வருவதற்குள் அவருக்கே இரண்டு கொட்டாவி.

"அந்தப் பொண்ணாங்க?" என்றார் கண்டக்டர். "ஏறினதும் கம்பியில சாஞ்சி தூங்கிடும். ரெண்டு வாட்டி காலேஜாண்ட எறங்காம ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுது. பேஜாருங்க அதோட!"

திரும்பியதும் ஜெயம் அவளைத் தனியே கூப்பிட்டார். "எத்தினி மணிக்கு எழுந்துப்ப?"

"அந்தக் காலேஜுக்கு நாலு மணிக்கு, டீச்சர். இதுக்கு ஆறு." குரல் இறங்கியது. "தூக்கத்துக்காக காலேஜு மாறினேன்னு எப்பிடி டீச்சர் சொல்றது? சிரிப்பாங்க."

முதலில் சிரித்தது ஜெயம்தான்.

முடிவு சொல்லும் நாளில் பயிற்சியாளர்கள் இருவரும் மேசைக்கு இருபுறமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மூலை பெஞ்சில் கலைப்பிரியா பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். விளையாடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஜெயம், உதட்டில் விரலை வைத்து அந்த இருவரையும் அடக்கினார். பிறகு சத்தமில்லாமல் நடந்துபோய், அவள் முகத்தில் வெயில் விழாதபடி ஜன்னல் கதவைச் சாத்தினார்.