பெரியப்பாவின் முழங்கை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யப்போய் என் பழைய கேமராப் பை அகப்பட்டது. ஜிப்பைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். உள்ளே நான்காய் மடித்த தாள் ஒன்று. முதன்முதலாக ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கப் போனபோது நான் எழுதிய பட்டியல். பேட்டரி, மெமரி கார்டு, ஊக்கு, வாழைப்பழம். வாழைப்பழம் எதற்கென்று நினைவில்லை. பந்தியில் உட்கார நேரமிருக்காது என்று எங்கோ படித்திருப்பேன். கடைசி வரி, ‘கார்டு ஃபார்மேட்’. அதற்கு மட்டும் இரண்டு டிக்.

அப்போது காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். யாரோ விற்ற கேமராவை வாங்கி, செம்பருத்தியையும் பக்கத்து வீட்டுப் பூனையையும் விதவிதமாக எடுத்துவைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் கூட வேலைபார்த்த சுதா ஏமாந்தாள்.

“என் கல்யாணத்துக்கு நீதான்டி. வேற ஆளே வேண்டாம்னு ஊட்ல சொல்லிப்போட்டேன்” என்றாள்.

பூனையென்றால் மறுபடி வந்து உட்காரும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

ஆகவே வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பதென்று முடிவெடுத்தேன். சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போனால்தான் வீட்டுக்குள் வருவார். நல்ல வேளையாக அந்த நாட்களில் கரண்ட் தாராளமாகப் போகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் தறிச்சத்தம் நின்றதும், அப்பாவை மாப்பிள்ளையாகவும் அம்மாவைப் பெண்ணாகவும் உட்காரவைத்தேன்.

அப்பா சும்மாவே கேமராவைக் கண்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி விறைத்துப்போவார். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேலை கொடுத்துவிட்டேன். மஞ்சள் கயிற்றை நீட்டினேன்.

“கழுத்துல ஒன்னு இருக்கறப்ப இன்னொன்னு கட்டக்கூடாது கண்ணு” என்று அம்மா தடுத்துவிட்டாள்.

கேமராவோடு வந்த தோள்வாரைத் தாலியாக்கினோம். தடித்த வார், முடிச்சு விழவில்லை.

“இதென்ன அம்மணி, மாடு கட்டற கவுத்தாட்ட இருக்குது?” என்றார் அப்பா.

“அன்னைக்கும் மூணாவது முடிச்சு உங்கக்காதானுங்களே போட்டாங்க. உங்களுக்கெங்க வரும்?” என்றாள் அம்மா.

நாத்தனார் முடிச்சுப் போடுவது வழக்கம்தான். ஆனாலும் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையெல்லாம் பஞ்சு, கையில் வார், அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். நான் ஒளி போதுமா, ஃபோகஸ் சரியா என்று பார்த்தபடி விடாமல் க்ளிக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கரண்ட் வந்தது, அப்பா தறிக்குப் போனார், நான் புடவைக்கு இஸ்திரி போடப் போனேன்.

விடிகாலையில், பட்டியலில் இருந்தபடி, கார்டைச் சுத்தமாக அழித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அழித்தேன்.

கல்யாணத்தில், ஒத்திகையில் குறித்துவைத்த அதே கோணத்தில், அதே தூரத்தில் தயாராக நின்றேன். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையோடு நாலு பக்கமும் கைகள் எழுந்தன. என் வீட்டில் அட்சதை போட ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாலி கட்டும் படம் என்று எனக்குக் கிடைத்ததெல்லாம் பெண்ணின் பெரியப்பாவுடைய முழங்கைதான்.

ஆல்பத்தைப் புரட்டிய சுதாவின் அம்மா, “பெரியவர் கை நல்லா தெளிவா வந்திருக்குதுங்க” என்றார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. திட்டியிருந்தால் அன்று நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. தறிகளை எடைக்குப் போட்டாயிற்று. இப்போது கரண்டும் அவ்வளவாகப் போவதில்லை. சட்டம் போட்டு மாட்டுவதற்கு அவர் படம் ஒன்றை வீடு முழுக்கத் தேடினோம். எல்லாப் படத்திலும் போலீஸ் ஸ்டேஷன்தான். அதில் ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறோம். பூ வைக்கும்போதெல்லாம் அம்மா, “இவரு யாரோ மாதிரி இருக்கறாரு கண்ணு” என்கிறாள். அந்த மதியத்தை நான் அழித்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் அழிப்பதில்லை. எல்லாப் படத்துக்கும் மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன். சுதாவின் பெரியப்பா முழங்கை அந்த மூன்று இடத்திலும் பத்திரமாக இருக்கிறது.